ராஸி முதல் மாலின் வரை: ஒரு நோய் ஒழிந்த வரலாறு

அறிவியலும் மார்க்கமும் என்ற பொருளில் எமது சஞ்சிகைகளில் வெளிவரும் கட்டுரைகளைப் பெரும்பாலும் இரண்டு வகைகளுக்குள் அடக்கிவிடலாம். முதலாவது வகை பெருமை பேசுவது. அட்சர கணிதம் எம்முடையது, இரசாயனம் எம்முடையது, ஒளியியல் எம்முடையது என்று ஒரு பட்டியல் தரப்படும். பட்டியல் பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிடும். இரண்டாவது வகை அச்சம் பேசுவது. இன்றைய மருந்தும் ஊசியும் ஆய்வுகூடமும் எமக்கு எதிரான சூழ்ச்சிகள் என்பதாக அது செல்லும். முதலாவது கட்டுரையை விரும்பிப் படிப்பவரே இரண்டாவதையும் விரும்பிப் படிக்கிறார் என்பதை நான் பல தடவை அவதானித்திருக்கிறேன். பழைய அறிவு முழுவதும் எம்முடையது, புதிய அறிவு முழுவதும் பிறருடையது என்ற ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கங்கள்தாம் இவை.

இந்த எண்ணம் சரியானதா என்பதை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த நோய் வைசூரி என்றும் பெரியம்மை என்றும் எமது மூத்தோர் அஞ்சி அழைத்த கொடிய அம்மை. அது பீடித்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தவர்களுள் பலர் முகமெல்லாம் தழும்போடும், சிலர் பார்வை இழந்தும் வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அதனால் இறந்தோர் சுமார் 30 கோடிப் பேர் என மதிப்பிடப்படுகிறது. இன்று அந்த நோய் பூமியில் எங்கும் இல்லை. மனிதரைப் பீடித்த நோய்களுள் மனித முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்டது இது ஒன்றே. அது எவ்வாறு ஒழிந்தது, யார் யார் கைகள் அதில் பட்டன என்று நோக்குகின்றபோது பெருமைக்கும் அச்சத்திற்கும் அப்பாற்பட்ட வேறொரு பாடம் கிடைக்கின்றது.

விதியிலிருந்து விதிக்கு

மருத்துவர்களிடம் செல்வதற்கு முன்னர் ஒரு கலீபாவிடம் செல்ல வேண்டும். ஏனெனில், நோயிலிருந்து தப்ப முயல்வது இறைவனின் விதியை எதிர்ப்பதாகுமா என்ற கேள்வி பின்னால் இந்த வரலாறு நெடுகிலும் வரப்போகிறது. எமது வரலாற்றில் அது மிக ஆரம்பத்திலேயே கேட்கப்பட்டுவிட்டது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அது அம்மையன்று, பிளேக் என்பர். அங்கு சென்றுகொண்டிருந்த உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் செய்தியறிந்து, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரழி) அவர்கள் அளித்த விடையின் சாரம். ஒரு பள்ளத்தாக்கின் இரு கரைகளில் ஒன்று செழிப்பாகவும் மற்றது வரண்டும் இருந்தால், ஒட்டகங்களை எதில் மேய்த்தாலும் அது விதியே அல்லவா என்றும் அவர்கள் விளக்கினார்கள். அதன் பின்னரே, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அங்கிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்ற கருத்திலமைந்த நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) எடுத்துரைத்தார்கள்.

நோயைத் தவிர்ப்பது ஈமானுக்குக் குறைவன்று என்ற நிலைப்பாடு இவ்வாறு எமது மரபில் வேரூன்றியது. கேள்வி கேட்ட அபூ உபைதா (ரழி) தம் படையினரோடு தங்கி அந்த நோயிலேயே மரணித்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் நினைவுகூர வேண்டும். இருவரையும் எமது மரபு மதிக்கிறது. ஒருவரை வைத்து மற்றவரைப் பழிப்பதில்லை.

ரேய் நகரத்து வைத்தியர்

அம்மையின் வரலாற்றில் முதலில் பேசப்பட வேண்டியவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி. இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரேய் நகரத்தில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பாக இருந்து, 925ஆம் ஆண்டளவில் காலமானவர். அம்மையையும் சின்னமுத்தையும் பற்றி அவர் எழுதிய சிறு நூல்தான் இரண்டையும் வெவ்வேறு நோய்களாகத் தெளிவுபடுத்திய முதல் நூலாகக் கருதப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அது இலத்தீனுக்குச் சென்றது. 1848இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. எழுதப்பட்டு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு மருத்துவச் சங்கம் அதனை மொழிபெயர்த்து அச்சிடுவது பயனுடையது எனக் கருதியிருக்கிறது.

ராஸியின் சிறப்பு அவர் பார்த்த விதத்தில் இருக்கிறது. முதுகுவலி அம்மைக்கே உரிய குறி. மனக் கலக்கமும் குமட்டலும் சின்னமுத்தில் அதிகம் என்று நோயாளியின் படுக்கையருகில் இருந்து பார்த்துப் பிரித்தெழுதினார். கொப்புளம் கிளம்பும் காலத்தில் கண்களைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்பதற்குத் தனியே இடம் ஒதுக்கினார். ஆனால் நோய்க்கு அவர் சொன்ன காரணம் பிழை. பழச்சாறு நுரைத்துப் புளிப்பதுபோல் இளம் வயதினரின் இரத்தம் பொங்கி முதிர்வதால் அம்மை தோன்றுகிறது என்று அவர் எண்ணினார். கிருமி என்ற ஒன்றை எவரும் அறியாத காலம் அது.

பெருமை பேசும் கட்டுரைகள் இந்தப் பிழையைச் சொல்வதில்லை. சொன்னால் ராஸி சிறுத்துப்போவார் என்று அஞ்சுகின்றன போலும். உண்மையில், கிரேக்க மேதை கெலனின் கருத்துக்களையே சந்தேகித்து ஒரு நூல் எழுதியவர் ராஸி. தம்மையும் பின்வருவோர் திருத்துவர் என்பதை அவர் அறியாதவரல்லர். அவருடைய சமயக் கருத்துக்கள் தொடர்பாகக் கடுமையான வாதங்கள் அக்காலத்திலேயே இருந்தன. இருந்தும் அவருடைய மருத்துவ நூல்களை எமது முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. பிரதி செய்தார்கள், படித்தார்கள், திருத்தினார்கள்.

பெயரற்ற கைகள்

ராஸி நோயை இனங்கண்டார். தடுக்கும் வழியை அவர் அறியவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் பேரறிஞர் எவரையும் காண முடியவில்லை. இலேசாக அம்மை போட்ட ஒருவரின் கொப்புளத்து நீரை எடுத்து, நலமாக உள்ளவரின் தோலைக் கீறி அதில் வைத்தால், அவருக்கு நோய் மெலிதாகக் கண்டு விலகும். பின்னர் வாழ்நாளில் அது அணுகாது. இந்த முறையைச் சீனரும் இந்தியரும் ஆபிரிக்கரும் உதுமானிய நிலத்து மக்களும் தத்தம் வழியில் அறிந்திருந்தனர். 1714இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்த இமானுவேல் திமோனி என்ற வைத்தியர் இதனை விவரித்து எழுதிய கடிதம் லண்டன் அறிஞர் சபையில் வாசிக்கப்பட்டது. சபையினர் கேட்டார்கள், ஆனால் எவரும் செய்து பார்க்கவில்லை.

செய்து பார்த்தவர் ஒரு தாய். உதுமானிய அரசவைக்கு வந்த பிரித்தானியத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மொன்டேகு அம்மையால் தம் சகோதரனை இழந்தவர். தாமும் முகத்தில் தழும்பு ஏற்றவர். எதிர்னே நகரில், கொட்டை ஓட்டில் அம்மைப்பால் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் மூதாட்டிகளை அவர் கண்டார். 1717இல் அதனைத் தம் தோழிக்கு எழுதினார். 1718இல் ஒரு கிரேக்க மூதாட்டியைக் கொண்டு தம் மகனுக்குச் செய்வித்தார். 1721இல் லண்டனில் மகளுக்கும் செய்வித்தார். ஐரோப்பாவின் கதவு அவ்வாறு திறந்தது.

அதே 1721இல் கடலுக்கு அப்பால் பொஸ்டன் நகரில் அம்மை பரவியது. அங்கு கொட்டன் மாதர் என்ற கிறிஸ்தவப் போதகரின் வீட்டில் ஒனேசிமஸ் என்ற ஆபிரிக்க அடிமை இருந்தார். அம்மை கண்டதுண்டா என்று எசமான் கேட்டபோது, தம் நாட்டு வழக்கத்தைச் சொல்லித் தம் கையிலிருந்த தழும்பைக் காட்டியிருந்தார் அவர். போதகர் அதனை நம்பினார். அவர் தூண்டுதலால் சப்டியல் பொயில்ஸ்டன் என்ற வைத்தியர் 240க்கும் மேற்பட்டோருக்கு இவ்வாறு செய்தார். அவர்களுள் அறுவர் இறந்தனர். இயல்பாக நோய் கண்ட ஏறத்தாழ 5,900 பேருள் இறந்தோர் 844. அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேர் மாண்ட இடத்தில் இரண்டு அல்லது மூன்று பேர் மாண்டனர். எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து ஒரு சிகிச்சையை எடைபோட்ட ஆரம்ப முயற்சிகளுள் இது ஒன்று.

ஆனால் ஊர் கொதித்தது. அடிமை சொன்னதை நம்பலாமா என்றார்கள். கடவுள் அனுப்பிய நோயில் கை வைக்கலாமா என்றார்கள். போதகரின் வீட்டினுள் வெடிகுண்டு எறியப்பட்டது. நல்லவேளையாக அது வெடிக்கவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில் எட்மண்ட் மாஸி என்ற போதகர் இம்முறையைப் பாவம் என்று தேவாலயத்திலேயே கண்டித்துப் பேசினார். பொஸ்டனில் ஆதரித்தவர் போதகர், லண்டனில் எதிர்த்தவரும் போதகர் என்பது கவனிக்கத்தக்கது. ஸர்ஃ என்ற இடத்தில் எழுந்த அதே கேள்வி ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் வேறொரு சமயத்தாரிடையே எழுந்தது. மார்க்கம் அறிவியலை எதிர்க்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களும், எமது மார்க்கத்தில் மட்டும் அந்தச் சிக்கல் இல்லை என்று சொல்பவர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பக்தாத் வழியாக வந்த அம்மைப்பால்

இந்த முறையிலும் ஆபத்து இருந்தது. சிலர் மாண்டனர், செய்துகொண்டவரிடமிருந்து பிறருக்கு நோய் தொற்றவும் செய்தது. இங்கிலாந்தின் கிராமப்புற வைத்தியர் எட்வர்ட் ஜென்னர் சிறு வயதில் இதற்கு உட்பட்டவர்தான். பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை கண்டால் பெரியம்மை அணுகாது என்ற கிராமத்துப் பேச்சை அவர் தட்டிக் கழிக்கவில்லை. 1796 மே 14ஆம் திகதி சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் வைத்தார். 1798இல் தம் ஆய்வை வெளியிட்டார். தடுப்பூசி யுகம் அங்கு ஆரம்பித்தது.

அந்த அம்மைப்பால் எமது கடல்களுக்கு வந்த பாதை பாடநூல்களில் அதிகம் சொல்லப்படாத ஒன்று. கப்பல் வழியாக ஆசியாவுக்கு அனுப்பும் முயற்சிகள் வெப்பத்தாலும் நீண்ட பயணத்தாலும் தோல்வியுற்றன. கடைசியில் வியன்னாவிலிருந்த ஜீன் டி காரோ என்ற வைத்தியர் அதனைக் கொன்ஸ்தாந்திநோப்பிள் வழியாகப் பக்தாதுக்கு அனுப்பினார். பக்தாதில் அது பலித்தது. அங்கிருந்து பஸ்ராவுக்குச் சென்று, கைக்குக் கை மாற்றப்பட்டு, கப்பலேறிப் பம்பாய் சேர்ந்தது. 1802 ஜூன் 14ஆம் திகதி பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் அது பிடித்துக்கொண்டது. அதே ஆண்டில், பிரித்தானியர் வசமிருந்த எமது இலங்கையின் கரையோர மாகாணங்களுக்கும் வந்து சேர்ந்தது. இங்கு அதனைப் பரப்பும் பணிக்குத் தோமஸ் கிறிஸ்டி என்ற வைத்தியர் பொறுப்பாக இருந்தார்.

அக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு என்று உயிருள்ள சங்கிலியாகவே மருந்து பயணம் செய்தது. ராஸி நோயாளிகளைப் பார்த்த பக்தாத், ஆங்கிலக் கிராமத்தில் கண்டறியப்பட்ட மருந்துக்குத் தரிப்பிடமாயிற்று. இதில் எந்தப் பகுதி எம்முடையது, எந்தப் பகுதி பிறருடையது என்று எவ்வாறு கோடு கிழிப்பது?

ஒரு சிறுமியும் ஒரு சமையற்காரரும்

தடுப்பூசி வந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அம்மை ஒழியவில்லை. செல்வந்த நாடுகளில் ஒழிந்து ஏழை நாடுகளில் நிலைத்தது. 1958இல் சோவியத் யூனியனின் பிரதிநிதி விக்டர் ஸ்தானொவ், இதனை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்ற யோசனையை உலக சுகாதார மாநாட்டில் முன்வைத்தார். 1967இல் அமெரிக்கரான டொனல்ட் ஹென்டர்சனின் தலைமையில் தீவிர இயக்கம் தொடங்கியது. அவ்வாண்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. சுமார் 20 இலட்சம் பேர் மாண்டனர். அணுகுண்டுகளை ஒருவரை நோக்கி ஒருவர் திருப்பி வைத்திருந்த இரு வல்லரசுகள் இந்த ஒரு காரியத்தில் சேர்ந்து உழைத்தன.

கருவிகள் எளியவை. வெப்பத்திலும் கெடாத உலர்த்திய தடுப்பு மருந்து. நுனி இரண்டாகப் பிளந்த ஒரு சிறு ஊசி. உபாயமும் எளியது. 1966இல் நைஜீரியாவின் கிழக்கில் வில்லியம் ஃபேகி என்ற கிறிஸ்தவ மிஷனரி வைத்தியரிடம் எல்லோருக்கும் போதிய மருந்து இருக்கவில்லை. மிஷனரிமாரின் வானொலித் தொடர்பு மூலம் எந்த ஊரில் நோய் உண்டென்று விசாரித்து, நோயாளியைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு மாத்திரம் ஊசி ஏற்றினார். நெருப்பைச் சுற்றி வரம்பு வெட்டுவது போன்ற இந்த முறையே பின்னர் உலகெங்கும் கையாளப்பட்டது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இறுதிக் கட்டத்தில் இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் சில இடங்களில் மக்களின் விருப்பத்துக்கு மாறாகப் பலவந்தமாகவும் ஊசி குத்தப்பட்டது. அது விட்டுச்சென்ற கசப்பு பின்னாளில் வேறு தடுப்பூசிகளின் மேலும் விழுந்தது.

கொடிய வகை அம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி வங்காளதேசத்தின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு. 1975 ஒக்டோபரில் அவருக்கு வயது இரண்டு. செய்தியைச் சுகாதார ஊழியர்களிடம் தெரிவித்தவர் எட்டு வயதுச் சிறுமி ஒருவர். அதற்காக அவருக்கு 250 டாக்கா பரிசும் கிடைத்தது. ரஹீமா பிழைத்தார்.

எஞ்சிய மெலிந்த வகை 1977இல் சோமாலியாவில் முடிவுக்கு வந்தது. மேர்க்கா நகர வைத்தியசாலையில் சமையற்காரராக இருந்த 23 வயது அலி மாவ் மாலின், அம்மை கண்ட இரண்டு சிறுவர்களை ஏற்றி வந்த வாகனத்திற்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் அதில் ஏறிச் சென்றார். அவர் ஊசி போட்டிருக்கவில்லை. வைத்தியசாலையிலேயே வேலை செய்தும், வலிக்கும் என்று பயந்து தவிர்த்திருந்தார். ஒக்டோபர் இறுதியில் அவருக்குக் கொப்புளங்கள் கிளம்பின. சுற்றியிருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி ஏற்றப்பட்டது. எவருக்கும் நோய் தொற்றவில்லை. அவரும் பிழைத்தார். மறு ஆண்டு பிரித்தானியாவின் ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து கிருமி வெளியேறி ஒரு பெண் மாண்டார். அது மனிதக் கவனயீனம். இயற்கையாகத் தொற்றியவர்களுள் உலகில் கடைசியானவர் மாலின்தான். 1980 மே 8ஆம் திகதி உலகம் அம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதன் பின்னர் பிறந்தவன் நான். என் வாப்பாவின் கையிலும் உம்மாவின் கையிலும் இருந்த பெரிய வட்டத் தழும்புகள் என் கையில் இல்லை. எனக்கிருப்பது காசநோய்த் தடுப்பூசியின் சிறு தழும்பு மட்டுமே. வகுப்பில் இதனைச் சொன்னால் பிள்ளைகள் அன்று மாலையே வீட்டிலுள்ள மூத்தோரின் சட்டைக் கையை உயர்த்திப் பார்க்கிறார்கள். வரலாற்றுக்கு இதனைவிடச் சிறந்த சான்று கிராமத்தில் கிடைக்காது.

உடைந்த நம்பிக்கை

தமிழில் ஈமானுக்கும் நம்பிக்கை என்கிறோம். ஒருவரை ஒருவர் நம்புவதற்கும் நம்பிக்கை என்கிறோம். இரண்டாவது நம்பிக்கை உடையும்போது முதலாவதன் பெயரால் பேசுவோர் தோன்றுகிறார்கள் என்பதை இளம்பிள்ளை வாதத்தின் வரலாறு காட்டுகிறது.

1996இல் வட நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, பன்னாட்டு மருந்துக் கம்பனி ஒன்று புதிய மருந்தை அங்குள்ள குழந்தைகளில் பரீட்சித்தது. பெற்றோரின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்று வழக்குகள் எழுந்தன. 2009இல் நட்டஈட்டு உடன்பாடு காணப்பட்டது. அந்த நினைவு ஆறாதிருந்த 2003இல், போலியோ சொட்டு மருந்து மலடாக்குகிறது என்ற வதந்தியை கானோ மக்கள் நம்பியதில் வியப்பில்லை. சொட்டு மருந்து அங்கு ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தப்பட்டது. அங்கிருந்து பரவிய கிருமி பல நாடுகளைக் கடந்து 2005இல் இந்தோனேசியாவையும் எட்டியது. முடமானவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குழந்தைகளே.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது அதட்டல் அன்று. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரிக்கப்பட்ட மருந்தை ஏற்பதாகக் கானோ தலைவர்கள் இணங்கினர். பாரம்பரியத் தலைவர்களும் இமாம்களும் களத்தில் இறங்கினர். 2020 ஓகஸ்டில் ஆபிரிக்கக் கண்டம் இயற்கைப் போலியோக் கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

மறுபுறம், 2011இல் பாகிஸ்தானின் அபொத்தாபாத்தில் உஸாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனம், தடுப்பூசி இயக்கம் என்ற போர்வையில் தகவல் திரட்ட முயன்றது. அதன் பின்னர் போலியோ ஊழியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஏழைப் பெண்கள். இனி அவ்வாறு செய்வதில்லை என்று 2014இல் அமெரிக்கா அறிவித்தது. அறிவிப்பால் உடைந்தது ஒட்டிவிடவில்லை.

எமது நாட்டில் நடந்தது

இவ்வளவு தொலைவு சென்று உதாரணம் தேடத் தேவையில்லை. கொவிட் காலத்தில் எமது நாட்டில் நடந்ததை இச்சஞ்சிகையின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்தது. ஆயினும் இங்கு அடுத்த மாதமே தகனம் மாத்திரம் என்று வர்த்தமானி வெளியாயிற்று. நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொல்லப்பட்டது. டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களுள் பிற சமயத்தவரும் இருந்தனர். 2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம் அல்லாதோரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்தக் காயத்திலிருந்து எம்மவர் சிலர் பெற்ற முடிவு, அறிவியல் எமக்கு எதிரானது என்பதாகும். அங்குதான் நான் வேறுபடுகிறேன். நடந்ததை மீண்டும் நோக்குவோம். அன்று எமக்காகப் பேசியது எது? 2003இல் சார்ஸ் கிருமியைக் கண்டறிந்த ஆய்வாளர்களுள் ஒருவரான, இலங்கையில் பிறந்த பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீர் மூலம் பரவும் நோயன்று என்று வெளிப்படையாகக் கூறினார். சமூக மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும், அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்ற கருத்தில் அறிக்கைகள் வெளியிட்டன. அவர்களுள் பெரும்பாலோர் எமது சமயத்தவர் அல்லர். சான்று எங்கே என்ற ஒரே கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். கெலனிடம் ராஸி கேட்டதும் இதே கேள்விதான். எமக்கு அநீதி செய்தது அறிவியலின் பெயரை அணிந்திருந்த வேறொன்று. அறிவியல் எமது பக்கம் நின்றது.

இந்த வேறுபாட்டை நாம் காணத் தவறினால் நட்டம் எமது பிள்ளைகளுக்கே. 2017 முதல் தரம் ஆறு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பாடசாலைகளில் ஏற்றப்படுகிறது. கொவிட்டுக்குப் பின்னர் ஒரு நாள், சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவியின் தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சேர், இது எங்கட புள்ளைகளுக்கு வம்சமில்லாம ஆக்கிற ஊசி எண்டு கதைக்கிறாங்க. மையத்த எரிச்சவங்க இதையும் செய்ய மாட்டாங்க எண்டு என்ன நிச்சயம்?" அவர் படிக்காதவர் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. கானோ மக்கள் கேட்டதும் இதுதான்.

நாங்கள் ஒரு கூட்டம் வைத்தோம். சுகாதார வைத்திய அதிகாரியும் வந்தார்; பள்ளிவாசல் மௌலவியும் வந்தார். இரண்டு மணித்தியாலங்கள் கேள்விகள் எழுந்தன. சில கேள்விகள் கடுமையானவை. வைத்தியர் கோபப்படாமல் பதிலளித்தார். தம் சொந்த மகளுக்கு இந்த ஊசி போட்டதைச் சொன்னார். மௌலவி ஸர்ஃ சம்பவத்தை எடுத்துச் சொன்னார். எல்லோரும் கையெழுத்திட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் இட்டார்கள்.

நம்பிக்கை வைக்கத்தக்க காரணங்கள் எமது நாட்டிலேயே நிறைய உண்டு. 1993க்குப் பின்னர் இங்கு போலியோ நோயாளி எவருமில்லை. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக இலங்கை சான்று பெற்றது. ஊரூராகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், கதவைத் திறந்துவிட்ட எமது உம்மாமாரும் சேர்ந்து சாதித்தவை இவை. ஆனால் சாதித்தது தானாக நிலைத்திருக்காது. 2019இல் ஒழிந்ததாக உறுதிசெய்யப்பட்ட சின்னமுத்து 2023இல் மீண்டும் தலைகாட்டியது. ராஸி அம்மையிலிருந்து பிரித்துக் காட்டிய அதே சின்னமுத்துதான்.

அறிவு ஓர் அமானிதம் என்றே இந்த வரலாற்றைப் படித்து முடிக்கும்போது எனக்குப் படுகிறது. ராஸி பெற்றார், கொடுத்தார். உதுமானிய மூதாட்டிகளும் ஒனேசிமஸும் பால்காரப் பெண்ணும் பெற்றார்கள், கொடுத்தார்கள். அமானிதத்தைப் பெற்றவர் அது தன் பூர்வீகச் சொத்து என்று பெருமையடிப்பதும் முறையன்று. பிறர் கைபட்டது என்று வீசியெறிவதும் முறையன்று. பேணி, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அலி மாவ் மாலின் அதைத்தான் செய்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்து, சோமாலியாவின் ஊர்களில் வீடு வீடாகச் சென்றார். ஊசிக்குப் பயந்து தாம் பட்ட பாட்டைத் தாய்மாரிடம் தாமே எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதைத் தாய்மார் கேட்டார்கள். ஏனெனில் அவர் அவர்களுள் ஒருவர். 2013இல் போலியோ மீண்டும் தோன்றியபோது, சொட்டு மருந்துப் பணியில் இருந்த வேளையில் காய்ச்சல் கண்டு ஜூலை மாதம் காலமானார். பட்டம் எதுவும் பெறாத அந்தச் சமையற்காரரின் பெயரையும் ராஸியின் பெயரோடு சேர்த்து எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.